குஸ்ரோவின் முடியில் முளைத்த சிறகுகள்

பாரசீகத்தை, அதாவது இன்றைய ஈரானை, ஆண்ட சாசானியப் பேரரசர் இரண்டாம் குஸ்ரோவின் முதலாம் ஆட்சியாண்டு வெள்ளி நாணயத்தையும் இரண்டாம் ஆட்சியாண்டு நாணயத்தையும் அருகருகே வைத்தால், பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வலப்பக்கம் நோக்கிய தாடி முகம், தோளில் புரளும் சுருள் கூந்தல், காதணி, கழுத்தில் மணிமாலை. மறுபக்கம் நெருப்புப் பீடமும் அதன் இருபுறமும் காவலாக நிற்கும் இரண்டு பேரும். வேறுபாடு தலைக்கு மேலே இருக்கிறது. முதலாண்டு மணிமுடி கோட்டை மதிலின் வடிவில் அமைந்து, மேலே பிறையும் உருண்டையுமாக முடிந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டு முடியிலோ இரண்டு சிறகுகள் மேல்நோக்கி விரிகின்றன. அவற்றின் நடுவே பிறையும் விண்மீனும்.

இந்த இரண்டு நாணயங்களுக்கும் இடையில் ஒரு உள்நாட்டுப் போர் கிடக்கிறது. கி.பி. 590இல் குஸ்ரோவின் தந்தை நான்காம் ஹோர்மிஸ்த் அரண்மனைக் கிளர்ச்சியில் வீழ்ந்தார். அவர் கண்களைக் குருடாக்கி, பிறகு கொன்றார்கள். அரியணையேறிய இளைஞர் குஸ்ரோவைத் தளபதி பஹ்ராம் சோபின் தலைநகர் டெசிபோனிலிருந்து விரட்டினார். குஸ்ரோ போய்ச் சேர்ந்த இடம் தலைமுறை தலைமுறையாகப் பாரசீகத்தின் பகைவராக இருந்த பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசரின் எல்லை. பேரரசர் மாரிஸ் கொடுத்த படையோடு 591இல் திரும்பி வந்து பஹ்ராமைத் தோற்கடித்தார். பகைவர் படை பெற்றுத் தந்த அரியணை அது என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நாணயம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெற்றித் தெய்வமான வெரத்ரக்னாவின் சிறகுகளை முடியில் வைத்தது. மன்னனின் தெய்வீக ஒளி பெருகிற்று என்று முகத்துக்கு அருகே அக்காலப் பாரசீக எழுத்தான பஹ்லவியில் பொறித்தது. அவ்வளவுதான்.

சாசானியர்களின் நானூறு ஆண்டு வெள்ளி நாணயத்தை முழுக்கப் பார்த்தாலும் இதே பழக்கம்தான். அந்த அரசு ரோமோடும், பைசாந்தியத்தோடும், நடு ஆசியாவின் ஹூணர்களோடும், துருக்கியரோடும் ஓயாமல் போரிட்டது. ஆனால் கைக்குக் கை மாறிய அதன் வெள்ளி நாணயமான திராக்மாவில் போர்க்களம் கிடையாது, கைதி கிடையாது, குதிரையேறி ஈட்டி நீட்டும் மன்னன் கிடையாது. போரைப் பார்க்க விரும்புகிறவர் முடியையும், ஓரத்தில் உள்ள ஆண்டெண்ணையும், நாணயம் அடிக்கும் அக்கசாலை இருந்த ஊரின் குறியெழுத்தையும் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கப் பழகியவர்களுக்கு இந்த நாணயங்களைப்போல் நேர்மையான போர்ச் சாட்சி வேறில்லை என்பது என் எண்ணம். அரசவைப் புலவர்களும் பிற்கால வரலாற்றாசிரியர்களும் மறைத்ததையும் மிகைப்படுத்தியதையும் இவை திருத்துகின்றன.

எதிரே இருந்த ரோமரின் வழக்கம் நேர்மாறானது. ஒரு நாட்டை வென்றால் அடுத்த மாதமே அந்த நாடு ஒரு பெண்ணுருவில் பேரீச்ச மரத்தடியில் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதை நாணயத்தில் அடிப்பார்கள். யூதேயாவை அடக்கிய வெஸ்பாசியனின் நாணயங்கள் அதற்குப் பெயர்பெற்றவை. கி.பி. 260இல் முதலாம் ஷாபூர் எடெஸ்ஸா அருகே வலேரியனை உயிரோடு பிடித்தார். ரோமப் பேரரசர் ஒருவர் போரில் பகைவரிடம் சிறைப்பட்டது அதுவே முதல் முறை. ரோமர்கள் அப்படி ஒரு வெற்றியைப் பெற்றிருந்தால் நாணயத்தில் எத்தனை வகை அச்சுகள் வந்திருக்கும்! ஷாபூர் அதைப் பாறையில் செதுக்கினார். நக்ஷ்-இ ருஸ்தமில் அவர் குதிரைமேல் இருக்க, ரோமர் ஒருவர் முழந்தாளிட்டிருக்கிறார். பிஷாபூரிலும் அதே வெற்றி பெரிய அளவில் செதுக்கப்பட்டிருக்கிறது. மும்மொழிக் கல்வெட்டொன்றில் பிடித்த நகரங்களின் பெயர்களை நீளமாக அடுக்கினார். ஆனால் 260க்குப் பிறகும் புழக்கத்துக்கு வந்த அவருடைய திராக்மா முன்பிருந்ததைப்போலவே இருக்கிறது. மதில் முடி, நெருப்புப் பீடம், கடவுளரின் வித்திலிருந்து வந்த மன்னர்மன்னன் என்ற வாசகம்.

இதற்குக் காரணம் அடக்கமல்ல. பாறைச் சிற்பம் சாசானியர்களின் சொந்த மண்ணான பார்ஸில் நின்றது. அதைப் பார்த்தவர்கள் அவர்களுடைய குடியினரும் குடிப் பெருமக்களும். நாணயம் போய்ச் சேர வேண்டியது வேறு கைகளுக்கு: படைவீரன், வரி கட்டும் உழவன், எல்லைக்கு அப்பால் குதிரை விற்பவன். அவர்களுக்கு வேண்டியது வெற்றிச் செய்தியல்ல. நேற்று வாங்கியதுபோலவே இன்றும் இருக்கும் வெள்ளி. மாறாத வடிவமே அந்த நாணயத்தின் பலம். இன்னொரு காரணம் சமயம் சார்ந்தது. சாசானியர் நம்பிக்கைப்படி மன்னனை மன்னனாக்குவது வெற்றியல்ல, ஃபர் என்னும் தெய்வீக ஒளி. அந்த ஒளி உள்ளவனுக்கு வெற்றி தானே வரும். அது விலகிப்போனால் எத்தனை படை இருந்தும் பயனில்லை. எனவே நாணயம் காட்ட வேண்டியது ஒளி அவனிடம் இருக்கிறது என்பதைத்தான். அதைச் சுமப்பது முடி.

முடிகள் ஆளுக்கு ஆள் வேறு. ஷாபூருக்கு மதில், முதலாம் பஹ்ராமுக்குச் சூரியக் கதிர்கள், இரண்டாம் பஹ்ராமுக்குச் சிறகுகள். ஒவ்வொருவரும் அரியணை ஏறும்போது தமக்கென ஒரு முடியை வடிவமைத்துக்கொண்டார்; தமக்கென ஒரு நெருப்பையும் ஏற்றினார். பின்பக்கத்துப் பீடத்தில் எரிவது அந்த நெருப்பு. பெயர் எழுதாத பாறைச் சிற்பங்களில் நிற்கும் மன்னர் யாரென்று இன்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது இந்த நாணயங்களில் உள்ள முடிகளை வைத்துத்தான். வியன்னாவின் நாணயவியலாளர் ராபர்ட் கோபல் இந்த முடிகளை வரிசைப்படுத்தி எண்ணிட்டார். ஒரே மன்னருக்கு இரண்டு, மூன்று முடிகள் இருந்தால் ஆட்சியின் நடுவில் ஏதோ முறிந்து ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

வெள்ளியும் கூலியும்

திராக்மாவின் எடை சுமார் 4 கிராம். கி.பி. 224இல் பார்த்தியரை வீழ்த்தி அரசை நிறுவிய அர்தாஷிர் காலத்திலேயே அது மெல்லிய, அகன்ற தகடாகிவிட்டது. போகப் போக இன்னும் அகன்றது. இரண்டாம் குஸ்ரோ காலத்தில் மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் விட்டம். அவ்வளவு மெல்லிசு என்பதால் முன்பக்கத்து முகத்தின் அழுத்தம் பின்பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். கள்ள நாணயம் செய்கிறவர் உள்ளே செம்பை ஒளித்து மேலே வெள்ளி பூசுவது இப்படிப்பட்ட தகட்டில் எளிதல்ல.

எடையும் தூய்மையும் பெரும்பாலும் குலையாமல் காக்கப்பட்டதுதான் எனக்கு மிகவும் வியப்பான செய்தி. வலேரியன் பிடிபட்ட அதே பத்தாண்டில் ரோமின் வெள்ளி நாணயத்தில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய், வெள்ளி பூசிய செப்புக்காசாகிவிட்டது. போர் வந்தால் நாணயத்தில் கலப்படம் செய்வது அரசுகளின் முதல் தந்திரம். சாசானியர் அந்த வழியில் அதிகம் போகவில்லை. வெள்ளி குறைந்தால் நாணயத்தைக் குறைவாக அடித்தார்கள். போர் வந்தால் வெள்ளியைத் தேடிப் போனார்கள். 502இல் முதலாம் கவாத் பைசாந்திய எல்லையைத் தாண்டி ஆமிதா நகரை முற்றுகையிட்டதே அப்படித்தான். ஹெப்தலியர் என்ற வெள்ளை ஹூணருக்குக் கொடுக்க வேண்டிய பணம் அவரிடம் இல்லை, பேரரசர் அனஸ்தாசியஸிடம் கேட்டார், அவர் மறுத்தார்.

கவாதின் மகன் முதலாம் குஸ்ரோ காலத்தில் இந்த வெள்ளியின் ஓட்டம் ஒழுங்குக்கு வந்தது. நிலத்தை அளந்து, கோதுமையோ பார்லியோ விளையும் ஒரு ஜரீப் (அக்கால நில அளவு) நிலத்துக்கு ஆண்டுக்கு ஒரு திராக்மா என்று வரி வைத்தார். விளைச்சலில் பங்கு என்ற பழைய முறை போய், மூன்று தவணையில் காசாகக் கட்டும் முறை வந்தது. வரியாக வந்த திராக்மா படைவீரர் பட்டியலுக்குக் கூலியாகப் போனது. அந்தப் பட்டியலைப் பற்றி அரபு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. படைக்கணக்கராக இருந்த பாபக், முழு ஆயுதங்களோடு நேரில் வந்து நின்றவருக்கு மட்டுமே சம்பளம் என்று ஆணையிட்டு, பேரரசரையும் வந்து நிற்கச் செய்தார். குஸ்ரோ வந்தார், வில்லுக்கு வேண்டிய உபரி நாண்கள் இரண்டை மறந்துவிட்டிருந்தார். திருப்பி அனுப்பப்பட்டார். நாண்களைத் தொங்கவிட்டுக்கொண்டு மறுபடி வந்தபோது அவருக்கு 4,001 திராக்மா எழுதப்பட்டது. மிகச் சிறந்த வீரனுக்கான உச்சவரம்பு 4,000. பேரரசருக்கு ஒரு காசு கூடுதல். கதை எந்த அளவு உண்மையோ, அது காட்டும் உலகம் உண்மை. மன்னனின் முகம் பொறித்த வெள்ளிக்கும் படைவீரனின் வில்லுக்கும் நடுவே ஒரு கணக்கேடு இருந்தது; அந்தக் கணக்கேடுதான் பேரரசை நிறுத்தியது.

முகம் பொறித்த காசுகள் வெளிநாட்டில் மன்னர்களுக்காக வாதாடவும் செய்தன. இலங்கையைப் பற்றி 6ஆம் நூற்றாண்டு வணிகப் பயணி கோஸ்மாஸ் எழுதிவைத்த செய்தி இங்கே நேரடியாகப் பொருந்தும். சோபட்ரஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் ஒரே சமயத்தில் இலங்கை மன்னரின் அவைக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் இருவரின் அரசர்களில் யார் பெரியவர் என்று மன்னர் கேட்டார். பாரசீகர் தம் அரசரைப் புகழ்ந்து முடித்ததும், இருவரையும் நீங்களே பாருங்கள் என்று சோபட்ரஸ் தம் நாட்டுத் தங்கக் காசையும் பாரசீக வெள்ளிக் காசையும் நீட்டினார். மன்னர் தங்கத்தைப் பார்த்து ரோமர்தான் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்லி, சோபட்ரஸை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார். கதையைச் சொல்பவர் ரோமர் தரப்பு. நம் அரசரின் காசைக் கண்டு தொலைதூரத் தீவின் மன்னர் வியந்தார் என்பது ரோமர் எழுத்தில் அதற்கு ஐந்நூறு ஆண்டு முன்பே வந்துவிட்ட கதை. வெள்ளியைத் தங்கத்தோடு ஒப்பிட்டது நியாயமான போட்டியும் அல்ல. ஆனாலும் இரண்டு பேரரசுகளின் பகை இந்தியப் பெருங்கடல் துறைமுகம்வரை காசின் வடிவில் வந்து நின்றது என்பதை இது காட்டுகிறது.

தோற்றவரின் முகம் வென்றவரின் காசில்

கிழக்கு எல்லையில் நடந்தது இன்னும் கசப்பான கதை. பெரோஸ் 459 முதல் 484வரை ஆண்டார். அவருடைய நாணயங்களில் மூன்று முடிகள் உண்டு. மூன்றாவதில் சிறகுகள் வருகின்றன. அந்த மாற்றத்துக்குக் காரணம் ஹெப்தலியரிடம் அவர் சிறைப்பட்டு மீண்டது என்று நாணயவியலாளர் பலர் கருதுகின்றனர். பிடிபட்டவரை விட்டு ஒளி விலகிவிட்டது. மீண்டவர் புதிதாக முடிசூட வேண்டும்.

விடுதலைக்கு அவர் ஒப்புக்கொண்ட விலை முப்பது கோவேறு கழுதைகள் சுமக்கும் வெள்ளிக் காசு. கருவூலத்தைத் துடைத்தும் இருபது சுமைதான் தேறியது. மீதிப் பத்துக்குப் பிணையாகத் தம் மகன் கவாதை ஹூணரிடம் விட்டுவந்தார். பின்னாளில் ஆமிதாவை முற்றுகையிட்ட அதே கவாத்தான். மீதியைக் குடிமக்களிடம் தலைவரியாக வசூலித்து அனுப்பி மகனை மீட்டார். பிறகும் ஓயாமல் மறுபடி படையெடுத்து, 484இல் பகைவர் வெட்டி மறைத்துவைத்த பள்ளத்தில் படையோடு விழுந்து மாண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் பாரசீகம் ஹெப்தலியருக்குத் திறை கட்டியது.

அத்தனை வெள்ளியும் பெரோஸின் சிறகு முடி முகத்தோடு நடு ஆசியாவுக்குள் போயிற்று. ஹெப்தலியர் அதை உருக்கித் தங்கள் தலைவரின் முகத்தை அடித்திருக்கலாம். மாறாக, தாங்கள் கொன்ற மன்னரின் முகத்தையே நகலெடுத்து பல்க் பகுதியில் தாங்களும் நாணயம் அடித்தார்கள். ஓரத்தில் நான்கு புள்ளிகளும் பாக்திரிய எழுத்தும் மட்டும் அவர்களுடைய அடையாளம். சந்தையில் அந்த முகத்துக்குத்தான் மதிப்பு. களத்தில் தோற்ற மன்னர் காசில் தோற்கவில்லை. பெரோஸின் திராக்மாக்கள் சீனாவின் சினிங்கில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன.

தெற்கே வந்தது இன்னும் நீண்ட பயணம். ஹூணர்கள் வடமேற்கு இந்தியாவுக்குள் இறங்கியபோது இந்த வடிவத்தையும் கொண்டுவந்தார்கள். குஜராத், ராஜஸ்தான், மாளவம் பகுதிகளில் உள்ளூர் அக்கசாலைகள் அதை நகலின் நகலாக அடித்துக்கொண்டே போயின. முகம் சில கோடுகளாயிற்று. நெருப்புப் பீடம் கோடும் புள்ளியுமாகச் சிதறியது. கடையா காசு என்று அங்கே அழைக்கப்படும் அந்தத் தடித்த சிறு வெள்ளிக்காசுகள் 12ஆம் நூற்றாண்டுவரை புழக்கத்தில் இருந்தன. அவற்றை வைத்திருந்த வணிகர்களில் எவருக்கும் பெரோஸ் என்ற பெயர் தெரிந்திருக்காது.

காசால் தொடுத்த சூழ்ச்சி

இனி மறுபடி பஹ்ராம் சோபினிடம் வரலாம். அவர் மிஹ்ரான் என்ற பெருங்குடியைச் சேர்ந்தவர். 588இல் துருக்கியரை வென்று பெயர்பெற்ற தளபதி. அரச குலத்தவர் அல்ல. ஹோர்மிஸ்த் அவரை அவமதிக்க, படையோடு கலகம் செய்தார். அப்போது அவர் ரே நகரில் ஒரு வேலை செய்தார் என்று பிற்கால அரபு, பாரசீக மரபு சொல்கிறது. இளவரசர் குஸ்ரோவின் பெயரும் முகமும் பொறித்த திராக்மாக்களை அடித்து, வணிகர்கள் வழியாகத் தலைநகருக்குள் விட்டார். தந்தை உயிரோடிருக்க மகன் தன் பெயரில் நாணயம் வெளியிட்டிருக்கிறான் என்றால் அது அரசுரிமையைக் கைப்பற்றும் அறிவிப்பு. ஹோர்மிஸ்த் மகனைச் சந்தேகித்தார், குஸ்ரோ உயிருக்கு அஞ்சி ஓடினார், அரண்மனை இரண்டுபட்டது. இது அப்படியே நடந்திருக்க வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். நடந்திருக்கும் என்று அந்தக் காலத்தவர் நம்பினார்கள் என்பதே போதும். யாருடைய முகம் காசில் இருக்கிறது என்பது உயிர் போகும் கேள்வியாக இருந்தது.

பஹ்ராம் தம் பெயரிலும் நாணயம் அடித்தார். முதலாம், இரண்டாம் ஆட்சியாண்டுக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. குஸ்ரோ திரும்பி வந்த பிறகு அவரை மீட்டுத் தந்த தாய்மாமன் விஸ்தாமே கலகம் செய்து, ரே பகுதியில் ஆண்டுக்கணக்காகத் தம் முகத்தோடு காசு வெளியிட்டார். இலக்கிய மூலங்கள் இந்தக் கலகத்தைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. பத்தாம் ஆட்சியாண்டுவரை ஓடும் விஸ்தாமின் நாணயங்கள்தான் அது எவ்வளவு நீண்டது என்பதை நமக்குச் சொல்கின்றன. சிறகு முடி மன்னரின் கட்டுப்பாட்டுக்குள் அரசின் வடக்குப் பகுதி பல ஆண்டுகள் வரவேயில்லை.

602இல் மாரிஸைப் போக்கஸ் என்ற படை அதிகாரி கொன்று அரியணையைப் பறித்தார். தம்மைக் காத்தவருக்குப் பழிவாங்குவதாகச் சொல்லி குஸ்ரோ தொடங்கிய போர் இருபத்தாறு ஆண்டுகள் நீண்டது. தாரா வீழ்ந்தது, 613இல் டமாஸ்கஸ், 614இல் ஜெருசலேம், அங்கிருந்த திருச்சிலுவை பாரசீகத்துக்குக் கொண்டுபோகப்பட்டது, 619இல் அலெக்சாந்திரியா. குஸ்ரோவின் திராக்மாக்களை ஆட்சியாண்டு வாரியாகப் பிரித்தால், 26ஆம் ஆண்டு முதல் வெளியீடு மலைபோல் உயர்கிறது. கி.பி. 615 முதல் 627வரையான அந்தக் காலம் போரின் உச்சம். முப்பதுக்கும் மேற்பட்ட அக்கசாலைகள் சளைக்காமல் வேலை செய்தன. இன்று உலகெங்கும் ஏல விற்பனையில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் பழங்கால வெள்ளிக் காசுகளில் ஒன்றாக குஸ்ரோவின் திராக்மா இருப்பதற்குக் காரணம் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள்தான்.

அந்த வெள்ளியின் ஒரு பகுதி சொந்த நாட்டு வரி. இன்னொரு பகுதி பிடித்த நகரங்களிலிருந்து வந்தது. எடெஸ்ஸாவின் தேவாலயங்களை மூடியிருந்த வெள்ளித் தகடுகளைக்கூடப் பாரசீகர் உரித்துச் சென்றார்கள். எதிர்த்தரப்பும் அதே நெருக்கடியில்தான் இருந்தது. பைசாந்தியம் நூற்றாண்டுக் கணக்காகத் தங்கமும் செம்பும் மட்டுமே பெருமளவில் அடித்துவந்த அரசு. எகிப்தும் சிரியாவும் கைவிட்டுப் போகத் தொடங்க, 615இல் பேரரசர் ஹெராக்ளியஸ் புதிதாக ஒரு கனத்த வெள்ளி நாணயத்தைச் சட்டமாக்கினார். அரசு ஊதியங்கள் பாதியாகக் குறைக்கப்பட்டு அதில் வழங்கப்பட்டன. எடை சுமார் 6.6 கிராம். முன்பக்கம் ஹெராக்ளியஸும் மகனும். பின்பக்கம் படிகளின் மேல் உலக உருண்டையும் சிலுவையும். அதைச் சுற்றி லத்தீனில் ஒரு வேண்டுதல்: ‘கடவுளே, ரோமர்களுக்கு உதவும்’. 622இல் படையெடுப்புக்குப் புறப்படும்முன் தலைநகரின் பெரிய தேவாலயத்து விளக்குத்தண்டுகளையும் பாத்திரங்களையும் கடனாக வாங்கி உருக்கினார்கள்.

இந்த இரண்டு வெள்ளிக் காசுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். இரண்டுக்கும் வெள்ளி கோயிலிலிருந்தும் வந்தது. இரண்டும் அதே களத்தில் கூலியாகப் போயின. ஒன்று வெளிப்படையாகக் கடவுளிடம் கெஞ்சுகிறது. மற்றொன்று எதுவும் நடக்காததுபோல் ஒளி பெருகிற்று என்கிறது. குஸ்ரோவின் காசு கெஞ்சவே முடியாத காசு. ஒளி குறைகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த முகத்துக்குப் பொருளே போய்விடும்.

வழக்கத்தைச் சற்றே மீறிய ஒரு வரிசையும் உண்டு. போர் உச்சத்தில் இருந்த சில ஆட்சியாண்டுகளில் குஸ்ரோ தங்கத்திலும் வெள்ளியிலும் சிறப்பு நாணயங்கள் வெளியிட்டார். அவற்றில் மன்னரின் முகம் பக்கவாட்டில் இல்லாமல் நேராக நம்மைப் பார்க்கிறது. பின்பக்கம் நெருப்புப் பீடம் இல்லை. தீச்சுவாலைக்குள் ஒரு பெண் முகம். நீர்த் தெய்வம் அனாஹிதா என்பார்கள் சிலர், ஒளியின் உருவம் என்பார்கள் சிலர். ஈரானைப் பெருகச் செய்தவர் என்ற வாசகம் கூடவே. இவை சந்தைக்காக அடித்தவை அல்ல. பரிசாகக் கொடுக்க அடித்தவை என்று தோன்றுகிறது. தளபதிகளும் பெருங்குடியினரும் பெற்றிருப்பார்கள். எகிப்தில் நடந்தது வேறு. அலெக்சாந்திரியாவில் மக்கள் புழங்கிய செப்புக்காசின் வடிவம் கிட்டத்தட்ட அப்படியே தொடர்ந்தது. முகத்தின் இருபுறமும் சூரியனும் பிறையும் சேர்ந்தன. அது பாரசீக ஆட்சிக் காலத்தது என்பதே நாணயவியலாளர் பெரும்பாலோர் கருத்து. அதில் சிலுவை அப்படியே இருக்கிறது. பிடித்த நாட்டில் சில்லறைக் காசின் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்ற அளவுக்கு அந்த நிர்வாகத்துக்குத் தெளிவு இருந்தது.

சிறகு இறங்கிய பிறகு

ஹெராக்ளியஸ் கான்ஸ்டான்டினோபிளில் உட்கார்ந்து காக்கவில்லை. ஆர்மேனியா வழியாகப் பாரசீகத்தின் உள்ளே புகுந்தார். புகழ்பெற்ற அதுர் குஷ்னஸ்ப் நெருப்புக் கோயிலை அழித்தார். ஒவ்வொரு திராக்மாவின் பின்பக்கமும் நெருப்பைக் காட்டிய அரசுக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்ல வேண்டியதில்லை. 627 டிசம்பரில் நினிவே அருகே வென்று, தஸ்தகிர்த் அரண்மனையைச் சூறையாடினார். 628 பிப்ரவரியில் குஸ்ரோவின் சொந்தப் பெருங்குடியினரே அவரை இறக்கினார்கள். மகன் ஆணையால் கொல்லப்பட்டார்.

கொல்லும்முன் அவர்மேல் சாட்டிய குற்றங்களில் இரண்டு, மக்களிடம் இரக்கமின்றி வரி பிடுங்கியதும் படைகளை ஆண்டுக்கணக்கில் எல்லைகளிலேயே நிறுத்திவைத்ததும் என்று அரபு மரபு சொல்கிறது. அதே மரபின்படி அவருடைய 18ஆம் ஆண்டில் கருவூலத்தில் இருந்தது 60 கோடி திராக்மாவுக்கு ஈடான வெள்ளி. பணமும் படையும் இல்லாமல் நாடு எப்படி நிற்கும் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். எண் மிகையாக இருக்கலாம். மலைபோல் உயர்ந்த அந்த வெளியீட்டைப் பார்த்த பிறகு குற்றச்சாட்டை மிகை என்று என்னால் தள்ள முடியவில்லை. ஒவ்வொரு காசும் யாரோ ஒரு உழவன் விளைச்சலை விற்று வாங்கிக் கட்டியது.

அரியணையேறிய மகன் இரண்டாம் கவாத் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று நாணயத்தில் தெரிகிறது. தந்தையின் சிறகுகளை எடுத்துவிட்டார். மதிலும் பிறையும் கொண்ட பழைய முடி திரும்பியது. சில மாதங்களில் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தார். அதன்பின் நான்கு ஆண்டுகளில் பத்துப் பேர் வரை அரியணைக்கு உரிமை கோரினார்கள். குஸ்ரோவின் மகள் போரான் 630இல் ஆட்சிக்கு வந்தபோது அவர் முடியில் சிறகுகள் இருந்தன. அவருடைய காசில் தாடி இல்லை. முத்துகள் கோத்த பின்னல்கள் தோளில் விழுகின்றன. கடவுளரின் குலத்தை மீட்டு நிறுத்தியவர் என்று ஒரு சிறப்பு நாணயத்தில் எழுதிக்கொண்டார். ஆண்மக்கள் ஒருவரையொருவர் வெட்டி அழித்த வீட்டில் ஒரு பெண் அந்த வாசகத்தை வெளியிட்டது வீம்பல்ல, கடமை என்றே நான் வாசிக்கிறேன்.

அவருடைய தங்கை அசர்மிதோக்தின் நாணயத்தில் இருப்பது தாடி வைத்த ஆண் முகம். அருகே எழுதியிருப்பது அவருடைய பெயர். புது அச்சு வெட்டச் சிற்பிக்கு நேரமில்லாமல் போயிருக்கலாம். தந்தையின் முகத்துக்கு இருந்த மதிப்பை அரசி விடாமல் பிடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். இரண்டுமே போர்க்கால அரசின் அறிகுறிகள்.

632இல் முடிசூடிய மூன்றாம் யஸ்தகர்த் இளம் வயதினர். அரபுப் படைகள் முன்னேற முன்னேற அவருடைய காசில் உள்ள ஊர்க் குறிகள் இடம் மாறுகின்றன. தொடக்க ஆண்டுகளில் தென்மேற்கின் ஊர்கள். பிற்பட்ட ஆண்டுகளில் கிர்மானும் சிஸ்தானுமாகத் தென்கிழக்கை நோக்கி நகர்கின்றன. ஓடும் மன்னரின் பாதையை அந்த எழுத்துகளை வைத்தே ஓரளவு வரையலாம். இருபதாம் ஆட்சியாண்டோடு வரிசை நிற்கிறது. 651இல் மெர்வ் அருகே அவர் கொல்லப்பட்டார்.

காசு நிற்கவில்லை. அரபு ஆளுநர்கள் யஸ்தகர்தின் இருபதாம் ஆண்டு அச்சின் வடிவத்தையே எடுத்து, ஓரத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ என்ற அரபுச் சொல்லைச் சேர்த்து அடித்தார்கள். விரைவில் அதற்குப் பதில் குஸ்ரோவின் முகம் வந்தது. நாட்டில் அதிகம் புழங்கிய, எல்லோரும் தட்டாமல் வாங்கிய காசு அதுதான். போருக்காகக் கணக்கில்லாமல் அடித்த வெள்ளி, தன்னை அடித்த அரசை வென்றவர்களின் சம்பளக் காசாயிற்று. ஸியாத், உபைதுல்லாஹ் போன்ற ஆளுநர்கள் தங்கள் பெயரைப் பஹ்லவி எழுத்தில் பொறித்தார்கள். பக்கத்தில் சிறகு முடியோடு குஸ்ரோ, பின்னால் நெருப்புப் பீடம். கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 79இல், அதாவது கி.பி. 698ஐ ஒட்டி, உருவமே இல்லாமல் எழுத்து மட்டும் கொண்ட புது வெள்ளி திர்ஹத்தைக் கொண்டுவந்தார். அதன்பின் பெரும்பாலான அக்கசாலைகளில் அந்த முகம் மறைந்தது. காஸ்பியன் கரையோர மலைநாடான தபரிஸ்தானில் மட்டும் பாதி எடையில் அது இன்னும் ஒரு நூற்றாண்டு தொடர்ந்து அடிக்கப்பட்டது. அங்கே சுலைமான் என்ற ஆளுநர் முகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சாய்சதுரத்தை வைத்தார். முடியின் சிறகுகளை அவர் எடுக்கவில்லை.